குழாயில் நிற்பது நீரா, காற்றா?

நகரியில் என் மாமாவுக்கு ஒரு நூல் கிடங்கு இருக்கிறது. விசைத்தறிகள் நிறைந்த ஊர். கோன் கோனாக நூல் வந்து இறங்கித் தறிகளுக்குப் பிரிந்து போகும். ஓர் அக்னி நட்சத்திர மதியம், தகரக்கூரையின் கீழே இருந்த, தீப்பிடித்தால் நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் ஒன்று தானாகத் திறந்துகொண்டது. புகை இல்லை, பொறி இல்லை. காவலாளி வால்வுச் சாவியோடு சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து அடைப்பதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது.

"தீயே இல்லையே மாப்பிள்ளை, பிறகு ஏன் தண்ணீர் கொட்டியது?" என்று மாமா கேட்டார்.

கட்டட ஒப்பந்த ஆவணங்கள் எழுதுவது என் தொழில். அந்தக் கிடங்கின் டெண்டர் தாளை வாங்கிப் பார்த்தேன். "ஸ்பிரிங்க்ளர், 64 எண்கள்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. என்ன வகை, எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. விலை குறைவாகக் கிடைத்ததை ஒப்பந்தக்காரர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

ஸ்பிரிங்க்ளர் தலையின் நடுவில் விரல்நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் நிற்கும். உள்ளே நிறமேற்றிய திரவமும் ஒரு சிறு காற்றுக் குமிழியும் இருக்கும். சூடேறினால் திரவம் விரியும், காற்றுக் குமிழி சுருங்கி மறையும், அதற்கு மேலும் விரிய இடமில்லாமல் கண்ணாடி உடையும். அது தாங்கிப் பிடித்திருந்த அடைப்பு விழுந்ததும் நீர் பாயும். எந்தத் தலை சூடேறியதோ அது மட்டும்தான் திறக்கும். கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் மழை பொழிவது சினிமாவில் மட்டுமே. வழக்கமான கே-80 தலை ஒரு பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் கொட்டும். கால் மணி நேரத்துக்கு 1,200 லிட்டர். மாமாவின் நூலைப் பாழாக்க அது போதுமானதாக இருந்தது.

திரவத்தின் நிறமே உடையும் வெப்பத்தைச் சொல்லிவிடும். ஆரஞ்சு 57 டிகிரி செல்சியஸ், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. கூரையடியில் 38 டிகிரியைத் தாண்டாத இடத்துக்குத்தான் ஆரஞ்சும் சிவப்பும் பொருந்தும். அங்கே மாட்டியிருந்தவை சிவப்பு. மறுநாள் அதே நேரத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். தகரத்தின் அடிப்பக்கம் 67 டிகிரி காட்டியது. ஒரு சாண் கீழே காற்று 52 டிகிரியில் இருந்தது. உடைந்த குமிழ் தகரத்தை உரசாத குறையாக நின்றிருந்தது.

இந்தக் கருவி பிறந்ததே ஆலைகளில்தான். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து துணி ஆலைகளில் கூரையடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்து, தீப்பிடித்தால் வால்வைத் திறந்துவிடுவார்கள். எரிந்த மூலையோடு எரியாத மூலையும் நனையும். 1874-இல் ஹென்றி பார்மலி தன் பியானோ ஆலையைக் காக்கத் தானாகத் திறக்கும் தலைக்குக் காப்புரிமை பெற்றார். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைத் தறிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தலையைப் போலவே குழாயிலும் வகைகள் உண்டு. அந்த வகைகளைச் சொல்ல எண்கள் இருக்கின்றன. கட்டட வேலைகளைப் பிரிவு பிரிவாக எண்ணிட்டு ஆவணத்தில் எழுத அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கும் மாஸ்டர்ஃபார்மேட் என்ற எண் வரிசையில் 2004 வரை 16 பிரிவுகளே இருந்தன. தீயணைப்புக்குத் தனி இடம் இல்லை. அந்த ஆண்டு விரிவாக்கியபோது 21-ஆம் பிரிவு தீயணைப்புக்கு என்று ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டு ஆலோசகர்கள் எழுதும் ஆவணங்களில் இந்த எண்களைப் பார்க்கலாம்.

21 13 13 என்றால் குழாயில் எப்போதும் நீர் நிற்கும். நகரிக்கு அது போதும். 21 13 16 என்றால் அழுத்திய காற்று நிற்கும்; தலை திறந்து காற்று வெளியேறிய பிறகே நீர் வரும், ஆகவே சற்றுத் தாமதமாகும். நீர் உறையும் இடங்களுக்கு இது வேண்டும். மூணாறு எஸ்டேட்களில் சில ஜனவரி விடியல்களில் புல் மீது உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அங்கே திறந்த கொட்டகையில் நீர்க்குழாய் போடுகிறவர் இந்த எண்ணை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். 21 13 19-இல் புகையையோ வெப்பத்தையோ உணரும் கருவி முதலில் வால்வைத் திறக்கும், அதன் பிறகு குமிழும் உடைந்தால்தான் நீர் விழும். ஆவணக் காப்பகம் போல ஒரு சொட்டு நீரும் தவறி விழக் கூடாத இடங்களுக்கு இது ஏற்றது. 21 13 26-இல் குமிழே கிடையாது. எல்லாத் தலைகளும் திறந்தே இருக்கும், வால்வு திறந்தால் எல்லாம் சேர்ந்து கொட்டும். விமானக் கொட்டகைகளுக்கு உரியது இது.

கையில் தூக்கும் தீயணைப்பான் 21-இல் வராது. அது 10-ஆம் பிரிவில் இருக்கிறது. தீயை உணரும் கருவி 28-இல், குழாய் துளைத்துப் போகும் சுவரின் இடைவெளியை அடைப்பது 7-இல். மூன்று பேர் மூன்று பிரிவை எடுத்துக்கொண்டால், நடுவில் விழும் வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். தீயின் வகையைக் குறிக்கும் எழுத்துகளிலும் கவனம் வேண்டும்: நம் நாட்டில் சி வகைத் தீ என்றால் எரிவாயு, அமெரிக்காவில் அதே சி என்றால் மின்சாரம்.

எண் மட்டும் மாமாவின் கிடங்கைக் காப்பாற்றியிருக்காது. ஒவ்வோர் எண்ணின் கீழும் பொது விவரம், பொருள், நிறுவும் முறை என்று மூன்று பகுதிகள் எழுத வேண்டும். குமிழின் வெப்பம் இரண்டாவது பகுதியில் வரும். அந்த இடத்தின் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 30 டிகிரி கூடுதலாக வைப்பது வழக்கம். 52-உடன் 30 சேர்த்தால் 82; மஞ்சள் எட்டாது.

மாமாவுக்குப் புதிய வரி எழுதிக் கொடுத்தேன்: "நீர் நிரம்பிய குழாய் வகை, 93 டிகிரி, பச்சைக் குமிழ், தகரத்துக்கு ஒரு சாண் கீழே, 64 எண்கள்." வால்வுச் சாவி இப்போது வால்வுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது.