வாடைக்கு எதிரே ஒரு சைக்கிள்

காசிமேட்டிலிருந்து எண்ணூருக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சித்திரையில் 40 நிமிடத்தில் போய்ச் சேர்கிறேன். மார்கழியில் அதே சைக்கிள், அதே சாலை, 50 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. வியர்க்கக்கூட வியர்க்காத மாதத்தில் ஏன் இப்படி? பீடை மாதம் என்று சொல்லி அம்மா ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார்."

எலுமிச்சம்பழத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

குளிர்நாட்டுக்காரர்களிடம் இதற்குத் தயாரான பதில் உண்டு. சாலையில் பனி, உடம்பில் கனத்த உடை, விறைத்துப்போன டயர், அடர்த்தி கூடிய காற்று. எல்லாம் உண்மைதான், அவர்கள் ஊரில். நம் ஊரில் மார்கழி விடியலே 21 டிகிரிதான். சித்திரைக் காலை 28 என்று வைத்துக்கொள்வோம். இந்த 7 டிகிரி வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு இரண்டரை கூடும். டயருக்குள் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். பத்து நிமிடத்தை விழுங்க இது போதாது.

விழுங்குவது வாடை. ஐப்பசிக்குப் பிறகு ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து அழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து கடல் நோக்கிப் புறப்படும் காற்று, பூமியின் சுழற்சியால் திரும்பி, நமக்கு வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து சேர்கிறது. சித்திரைக் காலையில் பெரும்பாலும் தெற்கத்திக் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் நேர் வடக்கு. ஆகவே சித்திரையில் முதுகைத் தள்ளிவிடும் கை, மார்கழியில் மார்பில் வைத்துத் தடுக்கிறது. வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் மீனவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எவ்வளவு தடுக்கிறது? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறீர்கள்; காற்று ஓய்ந்திருந்தால் எதிர்ப்பு 16×16, அதாவது 256 பங்கு. எதிரே 12 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் முகத்தில் மோதுவது 28. அதன் வர்க்கம் 784. மூன்று மடங்கு! கால்களின் உழைப்பை மாற்றாமல், டயர் உரசலையும் சேர்த்துத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். வேகம் 11-க்கு இறங்குகிறது. திரும்பும்போது அதே காற்று தள்ளினால் 22 வரை ஏறும். வரவும் செலவும் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் 10 கிலோமீட்டர் தூரத்தில் போகும்போது 17 நிமிடம் நஷ்டம். திரும்பும்போது கிடைப்பது 10 நிமிடம்தான். மெதுவாகப் போகும் பாதியில்தான் அதிக நேரம் கழிகிறது அல்லவா?

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். எண்ணூர் விரைவு சாலையில் வலப்பக்கம் கடல், கருங்கல் கொட்டிய கரை. நேர் கிழக்கிலிருந்து, விலாவில், அதே 12 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது. அது முன்னால் தள்ளவுமில்லை, பின்னால் இழுக்கவுமில்லை. வேகத்தை அது என்ன செய்யும்? பிதாகரஸைக் கூப்பிடுங்கள். முன்னால் 16, குறுக்கே 12. உடம்பு உணரும் காற்று 20, சாய்வாக. எதிர்ப்பு 20×20, 400 பங்கு. அதில் பின்னோக்கி இழுக்கும் பகுதி ஐந்தில் நான்கு: 320. காற்றில்லாத நாளில் 256தான்! எந்தப் பக்கமும் சேராதது போல நின்ற குறுக்குக் காற்று, கால் பங்கு வரியை வசூலித்துவிடுகிறது. திரும்பும்போதும் அதே வரி. பக்கவாட்டிலும் முன்புறத்திலும் உடம்பு ஒரே அகலம் என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. ஆனாலும் தத்துவம் மாறாது. வர்க்கம் என்பது திசைகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் கூட்டிவைத்துப் பெருக்குகிறது.

இந்தச் சாலையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடல் காற்றைச் சமாளிக்க உடம்பு தானாகவே வலப்பக்கம் சாய்ந்திருக்கும். கன்டெய்னர் லாரி வலப்பக்கமாக முந்தும்போது காற்று சட்டென்று அறுபடும். சாய்ந்த உடம்பு லாரியை நோக்கியே போகும். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறையும். எனக்கே ஒருமுறை முன்சக்கரம் ஆடி, டிபன் கேரியர் சாம்பாரைச் சட்டையில் வாங்கிக்கொண்டேன்.

பந்தய வீரர்களைப் பெரிய விசிறி வைத்த கூடத்தில் உட்கார வைத்து, தலைக்கவசத்தின் வளைவுவரை அளக்கப் பணம் கொட்டுகிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை மாட்டி, சட்டை படபடக்கப் போகும் தொழிலாளியை அப்படி அளக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்?

சரி, எலுமிச்சம்பழம். கட்டித் தொங்கவிட்டால் அதுவும் காற்றில் மோதி, தன் பங்குக்கு எதிர்ப்பைக் கூட்டும். பழத்தை ஊறுகாய்க்குக் கொடுத்துவிட்டு, அம்மா கட்டிய நூலை மட்டும் விட்டுவையுங்கள். நான் அப்படி ஒரு சாண் நூலோடு போய்ப் பார்த்தேன். வீடுகளின் மறைவில் நேராக என் வயிற்றைக் காட்டிய நூல், திருவொற்றியூர் தாண்டிக் கடல் திறந்ததும் இடது தொடைப் பக்கம் சாய்ந்தது. எர்ணாவூர் அருகே தண்ணீர் குடிக்க நின்றேன். சைக்கிள் அசையவில்லை, நூல் மட்டும் தென்மேற்கே நீட்டிக்கொண்டு துடித்தது.