சோலார் யூனிட் இரண்டரை ரூபாய், சரி. எத்தனை மணிக்கு?

கோவைப் பக்கம் மறுபடியும் ஒரு நூற்பாலை. வங்கிக் கடன் வாங்கிக் கூரை முழுக்க சோலார் போட்டாயிற்று. சில மாத பில்களைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி கேட்டார்: “சார், டிமாண்ட் சார்ஜ் ஏன் ஒரு ரூபாய்கூடக் குறையலை?” பேனல் விற்றவர் கொடுத்த தாளில் ஒரே ஓர் எண்தான் பெரிதாக அச்சாகியிருந்தது: ஒரு யூனிட்டின் விலை. எரிசக்தித் தணிக்கைக்கு ஆலை ஆலையாகப் போகிற எனக்கு, அந்தத் தாளைப் பார்த்தாலே இப்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

மூன்று ஷிப்ட் ஓடும் ஆலை அது. மாதத்தில் எந்த நேரத்தில் அதிகபட்சமாக மின்சாரம் இழுத்தோமோ, அதைத்தான் மீட்டர் குறித்துவைக்கும். டிமாண்ட் சார்ஜ் போடுவது அந்த எண்ணை வைத்துத்தான். இரவு எட்டு மணிக்கு எல்லா இயந்திரமும் ஓடினால், நண்பகலில் கூரை எவ்வளவு கொடுத்தாலும் அந்த எண் அசையாது. மாலை உச்ச நேரக் கூடுதல் கட்டணமும் அப்படியே நிற்கும். பகல் யூனிட்டில் மிச்சம் உண்டு, நிச்சயமாக உண்டு. அதை மட்டும் சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

இதே தவறான கணக்கைத்தான் மாநில அளவிலும் போடுகிறார்கள். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பாத்லா சோலார் பூங்கா ஏலத்தில் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. அன்று முதல் நான் போகிற கூட்டங்களில் எல்லாம் யாராவது எழுந்து கேட்கிறார்கள்: “ரெண்டரை ரூபாய்க்குக் கிடைக்கிறப்ப எதுக்கு இன்னும் நிலக்கரி?”

தயவுசெய்து அந்த விலை எதற்கானது என்று பாருங்கள். பாலைவன வெயிலில், இருபத்தைந்து வருட ஒப்பந்தத்தில், சூரியன் இருக்கும்போது மட்டும், பூங்காவின் வாசலில் வைத்துக் கொடுக்கும் யூனிட்டின் விலை அது. அங்கிருந்து கொண்டுவரும் மின்தடத்தின் செலவு அதில் இல்லை. வழியில் ஏற்படும் இழப்பு இல்லை. பொழுது சாய்ந்த பிறகு அந்த இடத்தை நிரப்பப்போகும் மின்சாரத்தின் செலவும் இல்லை. ஐப்பசி மழையில் வாசலில் ஓடும் தண்ணீரைக் காட்டி, சித்திரையில் லாரித் தண்ணீருக்கு ஏன் காசு என்று கேட்பது போலத்தான் இது.

தமிழ்நாட்டின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கோடையின் இரவுகளிலும் ஏசி ஓடியது. இரவில் சோலார் பூஜ்யம். காற்று? ஆரல்வாய்மொழி, கம்பம், செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் மே முதல் செப்டம்பர் வரை காற்று வெளுத்து வாங்கும். நல்ல நாளில் காற்றாலைகள் 5,000 மெகாவாட்டுக்கு மேல் தரும். அதே காற்றாலைகள் தை மாதத்தில் சில நூறு தந்தாலே பெரிது. ஆகவே இரவுக்கும் தை மாதத்துக்கும் இன்னோர் ஏற்பாட்டைக் கட்டி, ஆள் போட்டு, தயாராக வைத்திருக்க வேண்டும். அனல்மின் ஒப்பந்தத்தில் எரிபொருள் கட்டணம் தனி, நிலைக்கட்டணம் தனி. நிலையம் தயாராக இருந்தால், மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். “ஓடாத நிலையத்துக்கு எதுக்குப் பணம்?” என்று கொதிப்பவர்களுக்கு இதுதான் பதில். (பாய்லர் சுவிட்ச் போட்டதும் எரிகிற பல்பு இல்லை. ஆறிப்போனால் மறுபடி சூடேற்றிக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும்.)

இதைச் சொன்னால் என்னை நிலக்கரி ஆள் என்கிறார்கள். இல்லை. ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டிய நிலக்கரியை ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவந்து எரிப்பது எவ்வளவு செலவு பிடிக்கிற வேலை என்று எனக்குத் தெரியும். சாம்பலையும் புகையையும் சுமக்கும் எண்ணூர் மக்களின் செலவு எந்த பில்லிலும் ஏறுவதில்லை. அணுமின்சாரமும் எரிபொருள் கணக்கில் மட்டும்தான் மலிவு. 1988இல் ஒப்பந்தமான கூடங்குளத்தின் முதல் அலகு 2013இல்தான் மின்கட்டமைப்பில் இணைந்தது. 13,171 கோடி ரூபாய் என்று போட்ட திட்டம் 22,462 கோடிக்குப் போனது. முதலீடு பெரிதாக உள்ள எந்தத் திட்டத்திலும் தாமதமும் வட்டியும்தான் யூனிட் விலையைத் தீர்மானிக்கும்.

கவனிக்காமல் விடுகிற ஒன்று, தேவைக்கேற்ப உடனே ஏறி இறங்கும் திறன். 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு நாடு முழுக்க ஒன்பது நிமிடம் விளக்கணைத்தபோது தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் சரிந்தது, மறுபடி ஏறியது. முக்கியமாகத் தாங்கிப் பிடித்தது நீர்மின்சாரம். ஆழியாறு மலையில் நம்மிடமே 400 மெகாவாட் காடம்பாறை இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விடுகிற நிலையம். ஏற்றிய மின்சாரத்தில் சுமார் கால் பங்கு வீணாகும். ஆனாலும் மாலை ஏழு மணிக்கு அதன் மதிப்பு வேறு. பேட்டரி விலையும் வேகமாக இறங்கிவருகிறது. அந்தச் செலவையும் சேர்த்துப் போடுகிற கணக்குதான் கணக்கு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

“1,000 மெகாவாட் நிலையம்” என்று செய்தி வந்தால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். 1 மெகாவாட் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட். சோலாரில் அதே 1 மெகாவாட் தருவது சுமார் 16, 17 லட்சம்.

ஆலைக்காரர்களே, பன்னிரண்டு மாத பில்லை நேரவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பகலில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு, டிமாண்ட் எந்த மணிக்கு ஏறுகிறது என்று எழுதிவையுங்கள். மாலையில்தான் ஏறுகிறது என்றால், பேனலுக்கு முன் ஷிப்ட் நேரத்தைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். அதற்குக் கடன் வேண்டாம். கடன் வட்டி, இன்வெர்ட்டர் மாற்றும் செலவு, பேனல் கழுவும் ஆள்கூலி, ஆண்டுதோறும் குறையும் உற்பத்தி ஆகிய நான்கும் இல்லாத தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்குப் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, நல்ல திட்டம். ஆனால் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கிற வீட்டில் முதல் 100 யூனிட் இலவசம், மீதியும் குறைந்த கட்டணம். அந்த பில்லில் மிச்சம் பிடித்துப் போட்ட பணத்தை எடுக்க வெகுகாலம் ஆகும். நகையை அடகு வைத்துப் போட வேண்டாம். 500 யூனிட்டைத் தாண்டும் வீடு என்றால் தாராளமாகப் போடுங்கள். பக்கத்துத் தென்னையின் நிழல் எந்த மாதத்தில் எங்கே விழும் என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.