வலுப்பயன்பாடு: ‘வன்முறை’க்கும் ‘தற்காப்பு’க்கும் முன்னால் வரவேண்டிய சொல்

போலீஸ் ஒரு காரை விரட்டிப் பிடிக்கும் காணொளி புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்துவிட்டால், கோலாலம்பூர்த் தமிழர்களின் குழுக்களில் இரண்டு சொற்கள் பறக்கும். ஒரு தரப்பு ‘போலீஸ் வன்முறை’ என்னும்; மறு தரப்பு ‘தற்காப்பு’ என்னும். இரண்டுமே தீர்ப்புகள். தீர்ப்புக்கு முன் நடந்ததை மட்டும் சொல்ல ஒரு சொல் வேண்டும். மலாயில் அது ‘பெங்குனாஆன் கெக்கெராசான்’. தமிழ் ஏடுகள் ‘பலப்பிரயோகம்’ என்று எழுதிவந்தன. நல்ல தமிழில் ‘வலுப்பயன்பாடு’.

பலம், பிரயோகம் இரண்டும் வடசொற்கள். பிரயோகம் என்றால் செலுத்துதல், கையாளுதல். ஆனால் ‘கண்ணீர்ப்புகைப் பிரயோகம்’, ‘துஷ்பிரயோகம்’ என்றே கேட்டுப் பழகிவிட்டதால், அந்தச் சொல்லில் ஆயுத வாடையும் குற்ற வாடையும் ஏறிவிட்டன. தோளைப் பிடித்து நிறுத்துவதைப் பலப்பிரயோகம் என்று யாரும் நினைப்பதில்லை. சட்டத்தின் கண்ணில் அதுவும் பலப்பிரயோகமே.

‘வலு’வின் வேர் வல். வலிமை, வல்லினம், வலிந்து, வலுக்கட்டாயம் எல்லாம் அதன் கிளைகள். திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வலி என்பது ஆற்றல். இன்று நமக்கு அது நோவு. வன்முறையும் இதே வேரில் முளைத்ததுதான், ஆனால் அதில் கண்டனம் சேர்ந்தே வருகிறது. வலுவில் அது இல்லை. சரியான வலுவும் உண்டு, அளவு மீறிய வலுவும் உண்டு.

குழப்பத்தின் ஊற்று மலாய்ச் சொல்லில் இருக்கிறது. கெராஸ் என்றால் கடினம். அதிலிருந்து வந்த ‘கெக்கெராசான்’ வலுவையும் குறிக்கும், வன்முறையையும் குறிக்கும். போலீஸ் அறிக்கையைத் தமிழாக்குபவர் அவசரத்தில் வன்முறை என்று போட்டுவிட்டால், ‘தேவையான வலு’ என்பது ‘தேவையான வன்முறை’ ஆகிவிடுகிறது. இது சிறு பிழையன்று. வாசகரின் மனத்தில் வழக்கே அதோடு முடிந்துபோகிறது.

வலு என்றால் என்ன என்பதை நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 349ஆம் பிரிவு பௌதிகப் பாடம்போல் வரையறுக்கிறது: ஒருவரை அசையவைப்பது, அவர் அசைவை மாற்றுவது, அசைவை நிறுத்துவது. இது இந்தியாவின் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் இருந்த வரையறை. பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1872இல் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டமும் அந்தச் சட்டத்தைத் தழுவியதுதான். வழி மூன்று: தன் உடல் வலுவால், ஒரு பொருளை அமைத்துவைப்பதால், ஒரு விலங்கை ஏவுவதால். சாலையில் ஆணிப்பட்டை விரித்து டயரைக் கிழிப்பது இரண்டாம் வழி. மோப்ப நாயை அவிழ்த்துவிடுவது மூன்றாவது.

எவ்வளவு வலு என்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பதில் சொல்கிறது. கைதை எதிர்ப்பவரையோ தப்ப முயல்பவரையோ பிடிக்கத் தேவையான எல்லா வழியையும் 15ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் மரணம், ஆயுள் போன்ற கடுந்தண்டனைக்குரிய குற்றம் சுமத்தப்படாதவரின் உயிரைப் பறிக்கும் உரிமையை அது தருவதில்லை. அபாயகரமாகக் கார் ஓட்டுவதற்கு, முதல் முறை என்றால், அதிகபட்சம் 5 ஆண்டுச் சிறை. ஆகவே ‘நிறுத்தாமல் ஓடினான்’ என்பது மட்டும் தலையில் சுடுவதற்குக் காரணமாகாது. கார் போலீஸ்காரர்மேல் பாய்ந்தால் கதை வேறு. அங்கேதான் தற்காப்பு என்ற சொல்லுக்கு வேலை. அதற்கும் வரம்பு உண்டு. தண்டனைச் சட்டத்தின் 99ஆம் பிரிவின்படி தேவைக்கு மேல் தீங்கு கூடாது. 102ஆம் பிரிவின்படி அச்சம் நீடிக்கும்வரைதான் உரிமை நீடிக்கும். கார் அவரைக் கடந்துபோன பிறகு பின்கண்ணாடி வழியே சுட்டால், தன் உயிருக்கு அஞ்சினேன் என்று சொல்வது கடினம்.

ஜாலான் ஈப்போவில் சாலைத் தடுப்பை மீறிய கார் ஒன்று செந்தூலில் தடுப்புச்சுவரில் மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரோந்துக் காரைக் குறுக்கே நிறுத்துவது வலு. கறுப்புக் கண்ணாடியை உடைப்பது வலு. உள்ளே கை தெரியாதபோது அதற்கு நியாயம் உண்டு. ஓட்டுநரை வெளியே இழுப்பதும் வலுதான். இங்கேதான் அடிக்கடி கோணுகிறது. இருக்கைப்பட்டை மாட்டியிருக்கும், ‘வெளியே வா’ என்று இழுத்தால் உடல் வராது, அது எதிர்ப்பாகத் தோன்றும். பட்டையைக் கழற்றக் கையைக் கீழே கொண்டுபோனால் ஆயுதம் எடுப்பதாகத் தோன்றும். கியர் ‘டி’யில் இருந்து, பிரேக்கிலிருந்து கால் நழுவினால் கார் தானாக ஊரும், அது பாய்ச்சலாகத் தோன்றும். விரட்டியவரின் நாடித்துடிப்பும் அப்போது உச்சத்தில் இருக்கும். இந்த நொடிகளைத் தனித்தனியாக எடைபோட வேண்டும். கைவிலங்கு பூட்டியாகிவிட்டால் கணக்கே மாறுகிறது: தப்பாதிருக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. குப்புறக் கிடப்பவரின் முதுகில் முழங்காலை அழுத்தியே வைத்திருந்தால் மூச்சு முட்டும். உதைத்தால் அதை வன்முறை என்றே எழுதலாம்.

2010 ஏப்ரலில் ஷா ஆலமில் போலீஸ் விரட்டிய காரை ஓட்டிய பள்ளி மாணவன் சுட்டுக்கொல்லப்பட்டான். சுட்ட போலீஸ்காரருக்கு 2011இல் செஷன்ஸ் நீதிமன்றம் 5 ஆண்டுச் சிறை விதித்தது. 2012இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஆனால் குடும்பம் தொடுத்த சிவில் வழக்கில் 2016இல் 4 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். சிவில் வழக்கில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே போதும். ‘விடுதலை ஆனார்’ என்பதால் ‘வலு சரியானது’ என்று ஆகிவிடாது.

அடிபட்டவர் பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் எழுதும்போதும் இந்த வேறுபாடு உதவும். ‘கெக்கெராசான்’ என்று பொதுவாக எழுதினால் அது எதையும் குறிக்கலாம். வினையை எழுதுங்கள்: எங்கே உதைத்தார்கள், எத்தனை முறை, எத்தனை மணிக்கு. அதைவிட முக்கியம், ‘செபெலும் டிகாரி’யா, ‘செலெபாஸ் டிகாரி’யா. அதாவது விலங்கு பூட்டுமுன்னா, பூட்டிய பிறகா. இந்த இரண்டு சொல்லை விட்டுவிடாதீர்கள்.