“எல்லா வீட்டிலயும் அடிச்சதுதானே”

நித்திரையில்லை, நெஞ்சு படபடக்குது, பிள்ளைகளில் கோபம் வந்தால் அடக்க ஏலாது. எங்கள் உளநலக் கிளினிக்குக்கு வரும் பெரியவர்கள் சொல்லும் முறைப்பாடுகள் இவை. சின்ன வயதில் வாங்கிய அடியை யாரும் தாமாகச் சொல்வதில்லை. கேட்டாலும் “எல்லா வீட்டிலயும் அடிச்சதுதானே, அடிச்சபடியாத்தான் படிச்சம்” என்பார்கள்.

“உங்களைக் கொடுமைப்படுத்தினார்களா?” என்று கேட்டால் இல்லை என்ற பதிலே வரும். பெற்றாரைக் காட்டிக்கொடுக்க எவருக்கும் மனம் வராது. கேட்கவேண்டியவை வேறு. பிழை விட்டால் வீட்டில் என்ன நடக்கும்? அடி விழப்போவது முன்கூட்டியே தெரியுமா? அடிபட்ட பிறகு யாரிடம் போவீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் எங்களுக்கு அதிகம் பயன்படும். “அம்மம்மா எண்ணெய் பூசிவிடுவா” என்பவரையும் “கிணத்தடியில தனிய இருப்பன்” என்பவரையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. முன்கூட்டியே தெரியாத அடியும் அப்படித்தான். அப்பாவின் சைக்கிள் வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவை ஊகிக்கப் பழகிய பிள்ளைக்கு, நாற்பது வயதிலும் மேலதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தோள் இறுகும், வயிறு பிசையும். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி எடுத்தும் ஒன்றுமில்லை என்று திரும்பி வருபவர்களில் சிலர் இவர்கள்.

எங்கள் சமூகத்தில் அடி சகஜம், அதனால் பாதிக்காது என்பது அரை உண்மை. உளவியல் ஆய்வாளர் ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்ட் குழுவினர் 2005 இல் வெளியிட்ட ஆய்வு சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் 336 தாய்-பிள்ளை இணைகளைப் பார்த்தது. அடி சகஜமென்று கருதப்படும் இடத்தில் அதற்கும் பிள்ளையின் பதற்றம், முரட்டுத்தனத்துக்கும் உள்ள தொடர்பு குறைந்தது, அறுந்துபோகவில்லை.

இலங்கையின் வடக்கு-கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2008 இல் வெளியான ஆய்வில், வீட்டு வன்முறையோடு போர் அனுபவமும் தகப்பனின் குடியும் தொடர்புபட்டிருந்தன. 2006 இல் போரால் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன்மார். தறப்பாள் கொட்டிலில் விழுந்த அடியைப் பண்பாட்டின் தலையில் கட்டக்கூடாது.

பிரம்பைக் கைவிட்ட பெற்றார் பலர் வாயால் அடிக்கத் தொடங்குவார்கள். “உன்னை விட்டுட்டு எங்கயாவது போயிடுவன்” என்பது அதில் மோசமானது. மூதூரிலும் கிண்ணியாவிலும் பக்கத்து வீட்டு அம்மா உண்மையாகவே சவூதிக்கு வேலைக்குப் போயிருப்பா. பிள்ளைக்கு அது வெறும் வெருட்டு அல்ல.

கை ஓங்கும்போது செய்யக்கூடியது: கையிலிருப்பதைக் கீழே வையுங்கள். “அம்மாவுக்கு இப்ப கோவம், பிறகு கதைப்பம்” என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போங்கள். சொல்லாமல் போனால், விட்டுப்போகிறா என்றே பிள்ளை பயப்படும். நான்கு எண்ணி மூச்சை எடுத்து, ஆறு எண்ணி விடுங்கள், பத்துத் தரம். அன்றைக்கே திரும்பிவந்து இரண்டு வசனத்தில் கதைத்து முடியுங்கள். தண்ணீரை ஊற்றியவன் துடைக்கட்டும், அவ்வளவுதான் தண்டனை. அடித்துவிட்டால் அன்றிரவே மன்னிப்புக் கேளுங்கள். “நீ அப்பிடிச் செய்தபடியாத்தான்” என்று ஒரு வால் சேர்த்தால் மன்னிப்பு செல்லாது.

அடி வாங்கிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் நித்திரையின்மையோ பதற்றமோ மனச்சோர்வோ இரண்டு வாரம் தாண்டி வேலையைக் குழப்பினால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உளநல உதவித் தொலைபேசி 1926 க்கு எடுங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் சிறுவர் உதவித் தொலைபேசி 1929. முதல் நாளே எல்லாக் கதையையும் சொல்லத் தேவையில்லை. சொல்லும்படி வற்புறுத்தும் இடத்தில் நீங்கள் மறுக்கலாம். மனச்சோர்வு மருந்து வேலைசெய்யப் பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும். ஐந்தாம் நாள் “ஒரு சுகமுமில்லை” என்றும், மூன்றாம் மாதம் “சுகமாயிட்டுது” என்றும் தாங்களாகவே நிறுத்துபவர்கள்தான் பெரும்பாலும் திரும்ப வருகிறார்கள்.