தடைப் பட்டியலில் ஏறாத பெயர்கள்

மாலை ஐந்தரை மணி. கீழே ஜாலான் அம்பாங்கில் வண்டிகள் நகராமல் நின்றன. எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்திருந்த சுங்கை சிப்புட் பெண் இரண்டு கோப்புகளை என் மேசையில் வைத்து, "அக்கா, இத நிறுத்திட்டோம், இத விட்டுட்டோம். ஏன்னு எனக்குப் புரியல" என்றாள்.

நான் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் ஏற்றுமதி இறக்குமதிப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். எல்.சி. என்ற வங்கிக் கடன் உறுதிக் கடிதம், பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டு, காப்புறுதிப் பத்திரம் என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கட்டுத் தாள் வரும். அதிலுள்ள கப்பல், கம்பெனி, துறைமுகம், ஆள் என்று எல்லாப் பெயரையும், யாரோடு வாணிபம் கூடாது என்று சொல்லும் தடைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் பணம் நிற்கும். பொருந்தாவிட்டால் போகும்.

முதல் கோப்பில் எண்ணெய் மலேசியாவில் ஏற்றியதாக எழுதியிருந்தது. ஆனால் கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி ஜொகூருக்கு அப்பால் கடலில் பல நாள் அணைந்து கிடந்திருக்கிறது. நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றி, தடைக்கு உள்ளான ஈரான் எண்ணெயை வேறு நாட்டு எண்ணெயாகத் தாளில் காட்டுவது அந்தப் பக்கம் நெடுநாளாக நடக்கிற வேலை. நிறுத்தினோம். இரண்டாவது கோப்பு சவூதி அரேபியாவின் ராஸ் தனுரா துறைமுகத்தில் ஏற்றியது. ஒரே கப்பலில் 20 லட்சம் பீப்பாய். பீப்பாய் 80 டாலர் என்று வைத்தாலும் 16 கோடி டாலர். அரை நாளில் வேலை முடிந்தது.

"ரெண்டு நாட்டுலயும் எதிர்த்துப் பேசுனா ஜெயில்தானே அக்கா?"

"பட்டியல்ல பேர் இருக்கானு பாக்குறதுதாம்மா நம்ம வேலை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எல்.ஆர்.டி. ரயிலில் வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பதில் என்னை உறுத்தியது. அவள் கேட்டது சரியான கேள்வி. தேர்தல், நீதிமன்றம், பத்திரிகைச் சுதந்திரம் என்று பேசும் நாடுகள், அவை எதுவும் இல்லாத எண்ணெய் நாடுகளோடு ஏன் இவ்வளவு நெருக்கம்? எனக்குத் தெரிந்த தாள்களை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றி. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் விதிக்கும் தடையை மட்டும்தான் ஏற்போம் என்று மலேசிய அரசு பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் எண்ணெய் வாணிபம் பெரும்பாலும் டாலரில் நடக்கிறது. டாலர் அமெரிக்க வங்கிகள் வழியாகக் கைமாறுகிறது. அதனால் வாஷிங்டன் போடும் பட்டியலை எங்களைப் போன்றவர்கள் மீறவே முடியாது. 2014-ல் சூடான், ஈரான், கியூபா கணக்குகளுக்காகப் பிரான்சின் பி.என்.பி. பரிபா வங்கி ஏறக்குறைய 900 கோடி டாலர் அபராதம் கட்டியது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அந்தப் பட்டியல் எப்படி நீள்கிறது என்பதையும் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். 2018 அக்டோபர் 2 அன்று பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். நவம்பரில் அமெரிக்க நிதித்துறை 17 சவூதிக்காரர்களைப் பட்டியலில் சேர்த்தது. அரபுப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள் என்பதால், ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. ராஸ் தனுராவிலிருந்து வந்த ஒரு தாள்கூட அதனால் நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்க உளவுத்துறையே ஓர் அறிக்கை வெளியிட்டது. கஷோகியைப் பிடிக்க அல்லது கொல்லப் பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான் ஒப்புதல் தந்தார் என்று அதில் இருந்தது. அவர் பெயர் பட்டியலில் ஏறவில்லை.

"அமெரிக்காவுக்கே இப்போ சொந்தமா எண்ணெய் இருக்கே, அப்புறம் என்ன?" என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கச்சா எண்ணெயையும் பெட்ரோல், டீசலையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2020 முதல் அமெரிக்கா வாங்குவதைவிட அதிகமாக விற்கிறது. ஆனால் எண்ணெய்க்கு உலகம் முழுவதும் ஒரே குளம். யார் மொண்டாலும் எல்லாருக்கும் மட்டம் இறங்கும். உலகம் ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 10 கோடி பீப்பாய். அதில் இருபது, முப்பது லட்சம் திடீரென்று குறைந்தால் விலை எகிறிவிடும். அந்த நேரத்தில் குழாயை இன்னும் கொஞ்சம் திறக்கக்கூடியவர் யார் என்பதுதான் விஷயம். நிறைய எண்ணெய் வைத்திருப்பவர் பலர். வேண்டுமென்றே கொஞ்சம் எடுக்காமல் வைத்து, சில வாரங்களில் அதை வெளியே விடக்கூடியவர் மிகச் சிலர். அவர்களில் சவூதி முதலிடம். 1990-ல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, சந்தையில் விழுந்த பள்ளத்தைப் பெரும்பாலும் சவூதிதான் நிரப்பியது. ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வேண்டிய ஒரு தலைவருக்கு இப்படி ஒரு நண்பர் தேவைப்படுகிறார்.

ஓட்டுக்கும் எண்ணெய்க்கும் உள்ள கணக்கை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2008 ஜூன் 4, செந்தூலில் பார்த்தேன். பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 92 காசிலிருந்து நள்ளிரவு முதல் 2 வெள்ளி 70 காசு என்று சாயங்காலம் அறிவிப்பு வந்தது. அப்பா சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு கஞ்சில் காரை எடுத்தார். நானும் கூடப் போனேன். எண்ணெய் நிலையத்திலிருந்து வரிசை மூன்று சந்து தாண்டி நின்றது. முன்னால் நின்ற லாரிக்கார அண்ணன் இறங்கி வந்து, "இன்னிக்கு ராத்திரி ரொப்பிட்டா ஒரு வாரத்துக்குத்தான். அடுத்த வாரம் என்னா பண்றதுண்ணே?" என்று அப்பாவிடம் கேட்டார். பதினொன்றே முக்காலுக்கு எங்கள் முறை வந்தது. அந்த மார்ச்சில் நடந்த தேர்தலில்தான் அரசாங்கம் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையைப் பறிகொடுத்திருந்தது. அந்த வரிசையில் நின்ற யாரும் எந்த நாட்டில் யார் சிறையில் இருக்கிறார் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பா கையில் இருந்த ஐம்பது வெள்ளி நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வரிசையை அமெரிக்காவில் நினைத்துப் பாருங்கள். 2019-ல் வேட்பாளராக இருந்த ஜோ பைடன், கஷோகி கொலைக்காகச் சவூதியைத் தனிமைப்படுத்துவேன் என்று மேடையில் சொன்னார். 2022 ஜூனில் அங்கே ஒரு கேலன் பெட்ரோல் சராசரியாக 5 டாலரைத் தாண்டியது. ஜூலை 15 அன்று அவர் ஜித்தாவில் இறங்கி, இளவரசரின் கைமுஷ்டியோடு முஷ்டி தட்டி வணக்கம் சொன்னார். அக்டோபரில் சவூதி உள்ளிட்ட ஓபெக் கூட்டணி உற்பத்தியை ஒரு நாளைக்கு 20 லட்சம் பீப்பாய் குறைத்தது. போனதற்குப் பலனும் கிடைக்கவில்லை.

ஆனால் விலை மட்டும்தான் காரணம் என்றால், விலை இறங்கியதும் நட்பு தளர வேண்டும். தளர்வதில்லை. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் காரணம் சீக்கிரம் தெரிந்துவிடும்: எண்ணெய்க்குக் கொடுத்த பணம் திரும்பி வருகிறது.

1945 பிப்ரவரி 14 அன்று சூயஸ் கால்வாயின் நடுவே உள்ள கசப்பு ஏரியில், குவின்சி என்ற போர்க்கப்பலில், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் சவூதி மன்னர் அப்துல் அசீஸைச் சந்தித்ததை எல்லாரும் எழுதுவார்கள். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது 1974. அதற்கு முந்தைய ஆண்டுதான் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, விலை சில மாதங்களில் நான்கு மடங்கு ஆகியிருந்தது. அமெரிக்க நிதியமைச்சர் வில்லியம் சைமன் ஜித்தாவுக்குப் பறந்தார். சவூதி தன் எண்ணெய்ப் பணத்தை அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களில் போட ஏற்பாடு ஆனது. சவூதி கையில் எவ்வளவு பத்திரம் இருக்கிறது என்ற கணக்கை அமெரிக்க நிதித்துறை நாற்பது ஆண்டுக்கு மேல் தனியாக வெளியிடவே இல்லை. 2016-ல் முதல்முறையாக வெளியிட்டபோது அது சுமார் 11,700 கோடி டாலர். கடன் கொடுத்தவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று கடன் வாங்கியவன் குரல் உயர்த்திக் கேட்பானா?

மீதிப் பணம் ஆயுதமாகத் திரும்புகிறது. 1985-ல் தொடங்கிய அல் யமாமா ஒப்பந்தத்தில் பிரிட்டன் சவூதிக்குப் போர் விமானங்கள் விற்றது. சவூதி விலையை எண்ணெயாகவே கட்டியது. அதில் லஞ்சம் கைமாறியதா என்று பிரிட்டனின் பெருமோசடி விசாரணை அலுவலகம் விசாரித்து, சுவிஸ் வங்கிக் கணக்குகளைத் திறந்து பார்க்கும் கட்டத்துக்கு வந்தது. 2006 டிசம்பரில் விசாரணை கைவிடப்பட்டது. சவூதி உளவுத் தகவல் ஒத்துழைப்பை நிறுத்திவிடும், நாட்டின் பாதுகாப்பு கெடும் என்று டோனி பிளேர் அரசு காரணம் சொன்னது. கணக்கைத் திறந்து பார்ப்பதே தொழிலாக இருக்கிற எனக்கு, இந்த வரலாறு முழுவதிலும் அதிகமாக வலிப்பது இந்த இடம்தான். தன் சொந்தச் சட்டத்தையே ஒரு ஜனநாயகம் மடித்து வைத்தது.

அப்புறம் ராணுவ முகாம். பக்ரைனில் அமெரிக்காவின் ஐந்தாம் கடற்படை தங்கியிருக்கிறது. ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகும் எண்ணெய்க்கு அதுதான் காவல். 2011-ல் அங்கே மக்கள் வீதிக்கு வந்து உரிமை கேட்டபோது, மார்ச் 14 அன்று சவூதிப் படை பாலம் கடந்து பக்ரைனுக்குள் வந்தது. எகிப்து அதிபர் முபாரக்கைப் பதவி விட்டுப் போகச் சொன்ன அமெரிக்கா, பக்ரைன் மன்னரிடம் அப்படிச் சொல்லவில்லை.

எதிர்ப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஈரானில் முகம்மது மொசாதெக் நாடாளுமன்றத்தின் வழியாகப் பிரதமரானவர். 1951-ல் பிரிட்டிஷ் கம்பெனியின் கையிலிருந்த எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் சேர்ந்து அவரைக் கவிழ்த்தன, சி.ஐ.ஏ. தன் பங்கை 2013-ல் தன் ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு எண்ணெய்க்குப் பேரம் பேசும், காலம் கேட்கும், நாடாளுமன்றத்தில் தோற்கும். ஓர் அரசரிடம் ஒரே கையெழுத்தில் காரியம் முடிந்துவிடும். அந்த அரசருக்கும் தன் மக்களிடம் வரி வாங்க வேண்டிய தேவை குறைவு. அரசாங்கமே மக்களுக்குச் சம்பளமும் மானியமும் கொடுக்கிறது. வரி கட்டாதவன் கணக்குக் கேட்க முடியாது என்பது அங்கே ஆட்சி முறையாகவே ஆகிவிட்டது. வெளியிலிருந்து வரும் ஆயுதமும் நட்பும் அதற்குப் பூட்டுப் போடுகின்றன.

2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது ஒரு சர்வாதிகாரியின் எரிவாயுவை விட வேண்டும் என்று ஐரோப்பா சரியாகவே முடிவெடுத்தது. ஜூலையில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் பாக்கூவுக்குப் போய், அசர்பைஜானின் அலியேவோடு எரிவாயு இறக்குமதியை இரட்டிப்பாக்க ஒப்பந்தம் போட்டார். அலியேவ் 2003-ல் தந்தையிடமிருந்து பதவி பெற்றவர்.

இதையெல்லாம் வெள்ளைக்காரர்களின் கதையாகப் படித்துவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. சூடானில் ஓமர் அல் பஷீர் ஆட்சியில் எண்ணெய் எடுத்த கூட்டு நிறுவனத்தில் சீனாவுக்கு 40 விழுக்காடு, நம் பெட்ரோனாஸுக்கு 30 விழுக்காடு. எண்ணெய் வயல்களைச் சுற்றியிருந்த கிராமங்கள் காலி செய்யப்பட்டன என்ற குற்றச்சாட்டால் சொந்த நாட்டில் நெருக்கடி வந்து, கனடாவின் டாலிஸ்மேன் 2003-ல் தன் 25 விழுக்காட்டை விற்றது. வாங்கியது இந்தியாவின் அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. விதேஷ். உலகின் மிகப் பெரிய ஜனநாயகம். நம் பெற்றோர் தலைமுறையில் பலர் மலேசியா, இந்தியா என்ற இந்த இரண்டு நாடுகளையும் தங்களுடையதாக நினைத்தவர்கள். டாலிஸ்மேனை வெளியேற வைத்தது கனடா மக்களும் தேவாலயங்களும் பங்குதாரர்களும் விடாமல் கேட்ட கேள்வி. இங்கே அந்தக் கேள்வியை உரக்கக் கேட்ட ஆட்கள் குறைவு. கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணைத் தே தாரிக் குடிக்கக் கூட்டிப்போனேன். நேற்று நான் சொன்னது பாதிப் பதில் என்று சொல்லி, மீதியைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப நாம செய்யறது தப்பா அக்கா?" என்றாள். சந்தேகமான கப்பலை நிறுத்தியது சரிதான் என்றேன். ஆனால் பச்சை விளக்கு வந்த கோப்பைச் சுத்தமான கோப்பு என்று நினைத்துக்கொள்ளாதே, பட்டியலில் பெயர் இல்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம் என்றேன்.

அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். இரண்டு தேதிகளைச் சொன்னேன், எழுதிக்கொண்டாள். 2022 மார்ச் 12: சவூதியில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2022 மார்ச் 16: பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் எண்ணெய் விஷயமாக ரியாத்தில் போய் இறங்கினார். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டு, "நாலு நாள்" என்று எழுதினாள்.

அடுத்த மாதம் புதிதாக மூன்று பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். முதல் நாள் பாடத்தில் அவள் எழுதிய அந்த நோட்டுப் பக்கத்தைச் சேர்த்திருக்கிறோம்; அதை அவளே நடத்துகிறாள்.