அடியில் ஈரம், மேலே மொறுமொறுப்பு

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் பேக்கரி என்றால் டீக்கடை. "பேக்கரிக்குப் போலாமுங்களா?" என்று ஒருவர் கேட்டால், ரொட்டி வாங்கக் கூப்பிடவில்லை, டீ குடிக்கக் கூப்பிடுகிறார். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் பன், பப்ஸ், டீ கேக் எல்லாம் அடுக்கியிருக்கும். இன்று பஞ்சு மாதிரி இருக்கும் டீ கேக், இரண்டு நாள் கழித்து டீயில் நனைத்தால்தான் தொண்டையில் இறங்கும். காய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் காய்வதே இல்லை. தண்ணீர் உள்ளேயேதான் இருக்கிறது, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

இது புரிந்த பிறகுதான் எனக்குப் பழ காபி கேக் சரியாக வர ஆரம்பித்தது. பெயரில் காபி இருந்தாலும் கேக்கில் காபி இருக்க வேண்டியதில்லை. காபியோடு சாப்பிடுகிற கேக்குக்கு அமெரிக்காவில் வைத்த பெயர் அது. அதன் மேல் மாவு, சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் பிசிறித் தூவுகிறார்கள். அந்த உதிரிக்கு ஸ்ட்ரூசல் என்று பெயர். தூவுவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது.

இந்தக் கேக்கில் எனக்குப் பிடித்ததே அதற்குள் இருக்கும் முரண்தான். ஒரே டின், ஒரே அடுப்பு, ஒரே ஐம்பது நிமிடம். அதற்குள் கீழே இருக்கிற பழ மாவு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே இருக்கிற உதிரி தண்ணீரை முழுக்க விட்டுவிட வேண்டும்.

முதலில் பழம். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் கோபிப் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை. கதலி, பூவன், செவ்வாழை எதுவும் கேக்குக்கு ஆகும். நான் நேந்திரன் எடுப்பேன், அதுவும் தோல் கறுத்த நேந்திரன். சந்தையில் பழம் விற்கிறவர், "ஏனுங்க, நல்ல பழம் இத்தனை இருக்க, கறுத்ததையே எதுக்குங்க பொறுக்கறீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எங்கள் அம்மாயி கச்சாயத்துக்கு மாவு கரைக்கும்போது ஒரு பழத்தைப் பிசைந்து போடுவார். அவரும் இதே கட்சிதான்: "இன்னும் ரெண்டு நாளு கெடக்கட்டும் கண்ணு, தோலு கறுத்தாத்தான் பதம்."

அந்தப் பதத்தில் பழத்துக்குள் பெரிய வேலை முடிந்திருக்கும். வாழைக்காயின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. காய் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளியிடும். அந்தச் சமிக்ஞையில் நொதிகள் கிளம்பி மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டித் தள்ளும். சாதாரண வாழைப்பழம் முழுக்கக் கனியும்போது மாவுச்சத்து ஒன்றிரண்டு சதவீதமே மிஞ்சும். நேந்திரன் மட்டும் கனிந்த பின்னும் கொஞ்சம் கையிருப்பு வைத்திருக்கும். செல்களை ஒட்டவைத்திருந்த பெக்டின் அவிழ்ந்து கூழாகிவிடும். கனிந்த பழத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு தண்ணீர். ஆனால் பிழிந்தால் சொட்டாது. சர்க்கரையும் பெக்டினும் நாரும் சேர்ந்து அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கின்றன. அதனால்தான் கேக் மாவில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுவதும், அதே அளவு தண்ணீர் உள்ள பழக்கூழைப் போடுவதும் ஒன்றாகாது. ஊற்றிய தண்ணீர் அடுப்பில் சுலபமாகப் பறந்துவிடும். பழத்தின் தண்ணீர் அவ்வளவு லேசில் வெளியே வராது.

சர்க்கரை தண்ணீரைப் பிடிப்பதற்குப் பழனிப் பஞ்சாமிர்தத்தை விட நல்ல சாட்சி வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் என்று எல்லாமே சீக்கிரம் பூச்சிக்கும் எறும்புக்கும் இலக்காகிற பொருள்கள். ஆனாலும் தைப்பூசத்துக்கு நடந்து போய் வாங்கி வந்த டப்பா, ஃப்ரிட்ஜ் இல்லாமலே நாள்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அதில் ஈரம் இல்லாமல் இல்லை, கையில் எடுத்தாலே பிசுபிசுக்கிறது. ஆனால் அந்த ஈரம் கிருமிக்குக் கிடைக்காது. தண்ணீர் மூலக்கூறுகளைச் சர்க்கரை தன்னோடு பிடித்துவைத்திருக்கிறது. உணவில் கட்டுப்படாமல் இருக்கும் தண்ணீரின் அளவை விஞ்ஞானிகள் நீர்ச்செயல்பாடு என்பார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. 0.91-க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளராது, 0.80-க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சைகளும் வளராது.

பழனிக்குச் சர்க்கரை போகும் கவுந்தப்பாடிச் சந்தை நமக்குப் பக்கம்தான். வெள்ளைச் சீனியை, எங்கள் பெரியவர்கள் அஸ்கா என்று சொல்வதை, எடுத்துவிட்டு அந்த நாட்டுச் சர்க்கரையைக் கேக் மாவில் போட்டால் ஈரம் இன்னும் நிற்கும். அதில் சுக்ரோஸோடு கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருக்கின்றன. ஃப்ரக்டோஸ் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் நாட்டுச் சர்க்கரை டப்பாவுக்குள் கட்டிப் போவது அதனால்தான்.

சரி, அளவு. எட்டு அங்குல டின்னுக்கு மைதா 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், பிசைந்த பழம் 250 கிராம், முட்டை 2, கடலை எண்ணெய் வேண்டாம், வாசனை தூக்கிவிடும், சூரியகாந்தி எண்ணெய் 80 மில்லி, புளித்த தயிர் 60 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா உப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. தயிரின் புளிப்பு சோடா உப்போடு சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்பும், கேக் உப்பும். சோடா கூடினால் மிச்சம் நின்று சோப்பு வாடை அடிக்கும். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஏனென்றால், எண்ணெய் ஆறின பிறகும் திரவமாகவே இருக்கிறது. நாக்குக்கு அதுவும் ஈரமாகத்தான் தெரியும்.

மைதாவைப் போட்ட பிறகு கையைக் கட்டிக்கொள்வது ரொம்ப முக்கியம். பரோட்டா மாஸ்டர் மைதாவை அடித்துப் பிசைந்து, வீசி, இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைதாவின் புரதம் தண்ணீரில் நனைந்து, அடிபட அடிபட, ரப்பர் மாதிரி குளூட்டன் வலையாகப் பின்னிக்கொள்கிறது. பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும். கேக்குக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளை மாவு கண்ணில் படாத வரைக்கும் கிளறி, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மாவு இட்லி மாவை விடக் கெட்டியாக, கரண்டியைக் கவிழ்த்தால் யோசித்து விழுகிற பதத்தில் இருக்கட்டும். தண்ணியாக இருந்தால் மேலே தூவும் உதிரி அடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

பழத்தைத் துண்டாகவும் போட நினைத்தால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. வட்டமாக நறுக்கிய துண்டுகள் மேல் கொஞ்சம் சர்க்கரையைத் தூவி இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் பாகு ஊறி நிற்கும். வெளியே சர்க்கரை அடர்த்தியாக இருப்பதால் உள்ளேயிருந்து தண்ணீர் செல் சவ்வுகளைத் தாண்டி வெளியே வருகிறது. உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுவதும் இதே கணக்கு. அடுப்புக்குள் இந்தத் தண்ணீர் வெளியேறினால் துண்டுக்கு அடியில் உள்ள மாவு வேகாமல் களி மாதிரி நிற்கும். முன்னாடியே வடித்து, அந்தப் பாகை வடச்சட்டியில் கொஞ்ச நேரம் சுண்ட வைத்து, கெட்டியானதும் மாவிலேயே திரும்பச் சேர்த்துவிடுங்கள். மணம் வீணாகாது, தண்ணீர் குறைந்துவிடும்.

இப்போது உதிரி. மைதா 100 கிராம், சீனி 60, வெண்ணெய் 60. இங்கே அஸ்காவே நல்லது. மேலே சொன்ன ஈரம் இழுக்கும் குணம் நாட்டுச் சர்க்கரையை இந்த இடத்துக்கு ஆகாததாக்கிவிடுகிறது. மணத்துக்கு வேண்டுமானால் பாதிக்குப் பாதி போடலாம். சுக்கும் ஏலக்காயும் பொடித்துச் சேர்த்தால் காபிக்கு அத்தனை பொருத்தம்.

வெண்ணெய்க்கு ஊத்துக்குளி வெண்ணெய் கிடைக்கிற ஊர்க்காரர்கள் பாக்கியசாலிகள். சில்லென்று, கத்தியால் வெட்டுகிற பதத்தில் இருக்க வேண்டும். அதை மைதாவோடு விரல் நுனியால் பிசிறினால் ஒவ்வொரு மாவுத் துணுக்கின் மேலும் கொழுப்புப் படிகிறது. கொழுப்பு மூடிய மாவுக்குத் தண்ணீர் எட்டாது, அதனால் குளூட்டன் பின்னாது. சீனியும் கரைய வழியில்லாமல் படிகமாகவே நிற்கும். பதம் பார்க்க, புட்டு மாவுச் சோதனையே போதும். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். புட்டில் பிடிப்பைக் கொடுப்பது தண்ணீர், இங்கே கொழுப்பு.

ஒரு சித்திரை மதியம் இதில் தோற்றேன். சமையலறை 37 டிகிரி. வெண்ணெய்க் கொழுப்பு 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். பிசிறப் பிசிற அது என் விரலிடுக்கில் எண்ணெயாக வழிந்தது, மைதா அதைக் குடித்து வழுவழுப்பான விழுதானது. அப்படியே மேலே பரப்பினேன். அடுப்பில் அது மூடி போட்ட மாதிரி படர்ந்து, கேக்கின் ஆவியை வெளியே விடவில்லை. வெட்டியபோது மூடிக்குக் கீழே ஒரு விரல்கடை ஈரக் களி. இப்போது மாவு, கிண்ணம், வெண்ணெய் மூன்றையும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் கை வைக்கிறேன். பிசிறின உதிரியையும் கடைசி நிமிடம் வரை அங்கேயே வைக்கிறேன். நடுவில் உருகிவிட்டாலும் பரவாயில்லை. ஃப்ரீசரில் இறுகவைத்து உடைத்துத் தூவினால் மீட்டுவிடலாம். கட்டிகளுக்கு நடுவே சந்து இருக்க வேண்டும், ஆவி அதன் வழியாகத்தான் போகும்.

175 டிகிரியில் அடுப்புக்குள் போன பிறகு நடப்பது அழகான விஷயம். முதலில் குமிழிகள் விரியும். பிறகு முட்டைப் புரதம் இறுகத் தொடங்கும். 80 டிகிரியைத் தாண்டியதும் மைதாவின் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்துப் பருத்து, குமிழிகளைச் சுற்றிச் சுவராகும். வெறும் தண்ணீரில் இது 60 டிகிரி வாக்கிலேயே நடந்துவிடும். சர்க்கரை தண்ணீரைப் பங்கு கேட்பதால் கேக்கில் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தில்தான் கேக் இன்னும் கொஞ்சம் உப்ப நேரம் கிடைக்கிறது. அடுப்பு 175 டிகிரியில் இருந்தாலும் கேக்கின் உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. தண்ணீர் ஆவியாவதற்கு, அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆன வெப்பத்தைப் போல் சுமார் ஏழு மடங்கு வேண்டும். வருகிற சூட்டையெல்லாம் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது.

மேலே உதிரியின் கதை வேறு. அதில் இருக்கும் தண்ணீர் வெண்ணெயோடு வந்த கொஞ்சம்தான். அது சீக்கிரம் பறந்துவிடும், அப்புறம் சூட்டைத் தடுக்க ஆளில்லை. 140 டிகிரியைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் கூடிப் பழுப்பாகும். 1912-ல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை இது. தோசையின் பொன்னிற ஓரமும் அதே வினைதான். உள்ளே வெள்ளை, மேலே பொன்னிறம் என்ற வித்தியாசம் முழுக்கத் தண்ணீர் இருப்பதாலும் இல்லாததாலும் வருவது. ஐம்பது நிமிடம் கழித்துக் குச்சியை விட்டுப் பார்த்தால் ஈரத் துணுக்கு ஒன்றிரண்டு ஒட்டலாம், மாவு ஒட்டக் கூடாது.

குக்கரில் மணல் போட்டுக் கேக் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேக் நன்றாக வரும், உதிரி வராது. மேலிருந்து சூடு இல்லை. எழும் ஆவி குக்கர் மூடியில் பட்டுச் சொட்டாக அதன் மேலேயே விழும். உதிரியை வடச்சட்டியில் சிறுதீயில் பொன்னிறமாகத் தனியே வறுத்து வைத்துக்கொண்டு, பரிமாறும்போது தூவுங்கள்.

மறுநாள் என்ன ஆகிறது? பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852-ல் ரொட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவைத்தார். தண்ணீர் போக வழியே இல்லை. ஆனாலும் ரொட்டி விறைத்தது. அதையே 60 டிகிரிக்குச் சூடாக்கியபோது மறுபடி மென்மையானது. வெந்து குழைந்த மாவுச்சத்து ஆறும்போது மெல்ல மெல்லத் திரும்பவும் வரிசை கட்டி இறுகுகிறது, தண்ணீரை நடுவிலிருந்து தள்ளிவிடுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைத்து, சூடாக்கினால் இளகுவது இதனால்தான். ஃப்ரிட்ஜ் குளிரில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். அதனால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் கேக்கை வெளியிலேயே வையுங்கள். அதற்கு மேல் என்றால் நேராக ஃப்ரீசர், நடுவில் ஃப்ரிட்ஜ் வேண்டாம். பழமும் சர்க்கரையும் எண்ணெயும் அந்த இறுக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன. டீ கேக்கை விடப் பழ கேக் தாக்குப்பிடிப்பதன் ரகசியம் அது.

உதிரிக்கு இரவு நேரம் எதிரி. கேக்கின் ஈரம் மெல்ல மேலே ஏறும், எங்கே குறைவோ அங்கே தண்ணீர் போகும். சூடாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடினால் ஒரே இரவில் தொளதொளத்துவிடும். முழுக்க ஆறவிட்டு, மெல்லிய துணியால் மட்டும் மூடுங்கள்.

காலையில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு துண்டை எடுத்துச் சிறுதீயில் தோசைக்கல்லின் மேல் வையுங்கள், உதிரி மேல்பக்கம் இருக்கட்டும். காபிக்கொட்டை வறுபடும்போது பழுப்பாவதும் அதே மையார் வினைதான், அதனால் இரண்டு மணமும் ஒன்றையொன்று இனம் கண்டுகொள்ளும். மூன்று நிமிடத்தில் அடிப்பாகம் இளகிவிடும். தட்டைப் போட்டு மட்டும் மூடிவிடாதீர்கள்.