லென்ஸின் வளையத்தில் எழுதியிருக்கும் எண்கள்

"மச்சான், 125 எக்ஸ் எண்டு போட்டிருக்கு. யாலவுக்கு இது காணும்தானே, எடுக்கட்டா?" பம்பலப்பிட்டியில் ஒரு கமராக் கடைக்குள் நிக்கொன் பி1000ஐப் பார்த்தபடி என் நண்பன் போனில் கேட்டான்.

பொறு என்றேன். பெட்டியில் போட்டிருப்பதை விடு, கமராவைக் கையில் வாங்கி லென்ஸின் முன் வளையத்தில் பொடியாக எழுதியிருப்பதை வாசி. வாசித்தான்: 4.3-539, அப்புறம் 1:2.8-8. சரி, 539ஐ 8ஆல் பிரி. 67 வந்தது. நீ காசு கொடுக்கப் போவது அந்த 67க்குத்தான், 125க்கு அல்ல என்றேன். அவனுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அன்றிரவு வெள்ளவத்தையில் உட்கார்ந்து அவனுக்கு விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் யால போன்ற காடுகளுக்குச் சஃபாரி போகுமுன் பலர் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

முதலில் அந்த எக்ஸ். அது வெறும் விகிதம். லென்ஸின் ஆகக் கூடிய குவியத் தூரத்தை ஆகக் குறைந்ததால் பிரித்தால் வருவது. குவியத் தூரத்தை மி.மீ. கணக்கில் சொல்வார்கள், அது கூடக் கூடக் காட்சி பெரிதாகும். நிக்கொன் பி900 24இலிருந்து 2000 வரை போகும், அதனால் 83 எக்ஸ். பி1000 24இலிருந்து 3000 வரை, அதனால் 125. பறவைப் படம் எடுப்பவர்கள் உயிராய் வைத்திருக்கும் 100-400 லென்ஸ் வெறும் 4 எக்ஸ்தான். எக்ஸ் கூடினால் விலங்கு கிட்ட வரும் என்று நினைத்தால் அந்த லென்ஸை எவருமே வாங்கக்கூடாது.

இந்த 2000, 3000 எல்லாம் கூட "35 மி.மீ. பிலிமுக்குச் சமமாக" என்று கணக்குப் போட்டுச் சொல்லும் எண்கள். நண்பன் கையில் இருந்த பி1000இன் உண்மையான குவியத் தூரம் 539 மி.மீ. மட்டுமே. அது எப்படி 3000 ஆகிறது என்றால், உள்ளே ஒளியைப் பதியும் சென்சர் அவ்வளவு சின்னது: ஏறக்குறைய 6.2க்கு 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்திலும் சிறியது. லென்ஸ் விழுத்தும் காட்சியில் ஒரு சிறு துண்டை மட்டும் அது வெட்டி எடுக்கிறது, அந்தத் துண்டு படம் முழுவதையும் நிரப்புவதால் விலங்கு பெரிதாகத் தெரிகிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் பெரிதாகத் தெரிவதும் தெளிவாகத் தெரிவதும் ஒன்றல்ல.

தெளிவைத் தீர்மானிப்பது ஒளி உள்ளே நுழையும் வாசலின் அகலம். உண்மையான குவியத் தூரத்தை எஃப் எண்ணால் (வளையத்தில் 1:க்குப் பின்னால் இருப்பது, முழுச் சூமுக்குக் கடைசி எண்) பிரித்தால் வருவது அதுதான். கடையில் நண்பனுக்கு வந்த 67 மி.மீ.யும் இதுதான். பைனாகுலர் வாங்குகிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம், 8x42 என்றால் 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் என்று கடையில் வேலை செய்யும் தம்பிக்கே தெரியும். கமராவில்தான் அந்த எண்ணை எங்கேயும் அச்சிடாமல் நம்மையே பிரிக்க விட்டிருக்கிறார்கள்.

இப்போது மற்றக் கமராக்களையும் பிரித்துப் பாருங்கள். பி900இல் 357ஐ 6.5ஆல் பிரித்தால் 55 மி.மீ. கெனன் எஸ்எக்ஸ்70இல் 247ஐ 6.5ஆல் பிரித்தால் 38. சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 வெறும் 600 வரைதான் சூம் ஆகும், பெட்டியில் 25 எக்ஸ் என்றுதான் இருக்கும், அதனால் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் அதன் 220ஐ 4ஆல் பிரியுங்கள். 55! நான் இதை முதல் தடவை கணக்குப் பார்த்தபோது பிழை விட்டுவிட்டேனோ என்று திரும்பப் பிரித்தேன். 2000 வரை போகும் கமராவும் 600இலேயே நின்றுவிடும் கமராவும் தூரத்துச் சிறுத்தையிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஒளி கிட்டத்தட்ட ஒரே அளவு.

ஏன் வாசல் அகலமாக இருக்கவேண்டும்? இரண்டு காரணம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குக் கோணல் என்ற பாடம் ஞாபகம் இருக்கும், ஒளி ஓர் அலை, அது ஒரு துவாரத்துக்குள்ளால் போகும்போது விளிம்பில் பட்டுச் சற்று விரியும், துவாரம் ஒடுங்க ஒடுங்க விரிவு கூடும். அதனால் எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் குவிக்க முடியாது, சின்ன வட்டமாகத்தான் விழும். ஜோர்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1835இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார், அந்த வட்டத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். பச்சை ஒளிக்கு எஃப்/8இல் அதன் விட்டம் கிட்டத்தட்ட 10.7 மைக்ரோமீற்றர். பி1000இன் ஒரு பிக்சல் 1.34 மைக்ரோமீற்றர். அதாவது சிறுத்தையின் உடம்பில் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, நீள்வாக்கில் எட்டுப் பிக்சலை அடைத்துக்கொண்டு விழுகிறது. 16 மெகாபிக்சல் இருக்கிறது, ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் சொல்வது ஒரே செய்தியை.

ஆர்எக்ஸ்10இல் எடுத்த படத்தை 2000 அளவுக்கு வெட்டினால் 20 மெகாபிக்சலில் 2 கூட மிஞ்சாது. பி900 அதே காட்சிக்கு 16 தருகிறது. எண்ணைப் பார்த்தால் எட்டு ஒன்பது மடங்கு, உண்மையில் பி900இல் கூடுதலாகக் கிடைக்கும் விவரம் கொஞ்சம்தான்.

இரண்டாவது காரணம்தான் காட்டில் ஆளைப் படுத்துவது. சிறுத்தை நன்றாக வெளியே வருவது காலையிலும் மாலையிலும், மர நிழலில், மங்கிய வெளிச்சத்தில். வாசலின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும், ஆகவே 38 மி.மீ. வாசலுக்குள் வருவது 55க்குள் வருவதில் பாதியளவு ஒளி. ஒளி போதாவிட்டால் கமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, ஏற்றும், படம் முழுக்க மணல் தூவினமாதிரி இரைச்சல் வரும், பிறகு அந்த இரைச்சலை மென்பொருள் வழித்தெடுக்கும்போது உரோமமும் சேர்ந்து போய்விடும். இதனால்தான் நிலாவை எடுத்துக் காட்டும் வீடியோவை நம்பிக் கமரா வாங்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். பௌர்ணமி நிலா நேரடி வெயிலில் நிற்கும் பாறை, அது ஓடாது, பற்றைக்குள் ஒளியாது. எந்தச் சூப்பர்சூமுக்கும் அது சுலபமான பரீட்சை.

கிட்ட நிற்கும் விலங்கு என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. பி900ஐ 600க்கு வைத்தால் உண்மையான குவியத் தூரம் 107 மி.மீ. எஃப் எண் ஏறாமல் 2.8இலேயே நின்றால்கூட வாசல் 38தான், உண்மையில் அவ்வளவு தூரம் சூம் பண்ணுமுன்பே எஃப் எண் ஏறிவிடும். சோனிக்கு அதே இடத்தில் 55. யாலவிலே சிறுத்தை 30, 40 மீற்றரில் பாதையோரம் படுத்திருப்பது புதுமை இல்லை. 2000இல் 100 மீற்றருக்கு அப்பால் நீங்கள் காண்பது ஏறக்குறைய 1.7 மீற்றர் அகலம், வளர்ந்த ஆண் சிறுத்தை வாலோடு 2 மீற்றருக்குக் கிட்ட வரும். முழுதாக அடங்கவே அடங்காது.

அடுத்தது காற்று, இதற்கு எந்த நிறுவனத்திடமும் மருந்து இல்லை. வில்பத்துவில் ஒரு வில்லுக்கு (அங்குள்ள இயற்கைக் குளங்களை அப்படித்தான் சொல்வார்கள்) அந்தக் கரையில் சிறுத்தை படுத்திருந்தது, நேரம் பகல் பன்னிரண்டுக்குக் கிட்ட. இருநூறு படம் எடுத்தேன். ஒன்றுகூடச் சரியில்லை, எல்லாம் தண்ணீருக்குள் பார்த்தமாதிரி நெளிந்திருந்தன. வெயிலில் காய்ந்த மணலிலிருந்து சூடான காற்று எழும்பும், சூடான காற்று ஒளியை வளைக்கும் அளவு வேறு, குளிர்ந்த காற்று வளைக்கும் அளவு வேறு, இரண்டும் கலந்து கலந்து ஓடும்போது ஒளி வரும் பாதை நொடிக்கு நொடி மாறும். லென்ஸ் சிறுத்தையைப் பெருப்பிக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்தே பெருப்பிக்கும். மறுநாள் காலை ஆறே காலுக்கு அதே தூரத்தில் நின்ற மரையை அதே கமராவில் எடுத்தேன், காது மயிர்கூடத் தெரிந்தது. பின்னேரம் மூன்று மணிக்குக் காலிமுகத்திடலில் நின்று தூரத்துக் கப்பலை முழுச் சூமில் பார்த்தாலே நான் சொல்வது விளங்கும்.

ஃபோகஸ் பற்றியும் சொல்லவேண்டும். பி900 போன்றவை லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டி, காட்சி எந்த இடத்தில் கூர்மையாகிறது என்று தேடிப்பிடிப்பவை. நிற்கும் யானைக்கு அது போதும், பாயும் விலங்குக்குப் போதாது. ஆர்எக்ஸ்10 மார்க் 4 ஒளியை இரு பக்கமாகப் பிரித்து ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகரவேண்டும் என்று ஒரே தடவையில் அறிந்துகொள்ளும். பறக்கும் பறவைக்கு அதுதான் வேண்டும், ஆனால் விலையும் அதற்கேற்ற மாதிரித்தான்.

அப்படியானால் 2000, 3000 வீணா? இல்லை. மன்னார் வங்காலையில் பூநாரைகள் சேற்றுக்கு நடுவில் தூரத்தில்தான் நிற்கும், அங்கே காலைக் குளிரில் பி900 அருமையான கமரா. கண்ணுக்குப் பொட்டாகத் தெரியும் குருவி எது என்று அடையாளம் காணவும் அதைவிட வசதியானது கிடையாது. பி1000 வாசலில் இன்னும் அகலம், ஆனால் 1.4 கிலோ எடை.

நண்பனுக்கு வேண்டியது யாலச் சிறுத்தை, அதுவும் மாலை வெளிச்சத்தில். ஆர்எக்ஸ்10 ஒன்றை ஒருவர் பாவித்து விற்றார், அதை எடுத்தான். பயணத்துக்கு முந்திய இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பித் தலங்கம குளத்துக்குப் போய்க் கொக்குகளில் கையைப் பழக்கினோம். யாலவில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது, ட்ரைபொட் உதவாது, அதனால் ஒரு கிலோ பாசிப்பயறைத் துணிப்பையில் போட்டுத் தைத்து ஜீப்பின் கம்பியில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினான். லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கம் தடுக்கும் ஏற்பாடு கை நடுக்கத்தைச் சமாளிக்கும், ஜீப் என்ஜினின் அதிர்வை அவ்வளவாகச் சமாளிக்காது. சிறுத்தையைக் கண்டதும் அவன் முதலில் செய்த காரியம், சாரதியின் தோளைத் தட்டி என்ஜினை நிறுத்தச் சொன்னதுதான்.